பதினாலு வயசுல பந்தைப் பறிச்சது யாரு?

ஒரு குட்டி ஹோம்வொர்க். செல்போனைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, சின்ன வயசுல உங்க தெருவுல உங்களோட விளையாடினவங்க லிஸ்ட்டை மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. ஓடிப் பிடிச்சு, கல்லா மண்ணா, தெரு கிரிக்கெட், ரப்பர் பந்துல ஃபுட்பால்... அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் எல்லாமே மிக்ஸட் டீம்தான். பசங்க, பொண்ணுங்கன்னு பிரிவே இருந்திருக்காது. ஒன்பதாம் கிளாஸ் வரும்போது? பசங்க அதே தெருவுல, அதே பந்தோட. பொண்ணுங்க? பால்கனியில!

இத்தனைக்கும் நம்ம ஏரியா பேரே மந்தைவெளி. ஒரு காலத்துல மயிலாப்பூர் மாடுங்க மந்தை மந்தையா மேய்ஞ்ச வெட்டவெளிங்கறதாலதான் இந்தப் பேர்னு பெரியவங்க சொல்வாங்க. மாட்டுக்கெல்லாம் வெளி இருந்த ஊர்ல, இன்னிக்கு ஒரு காலேஜ் பொண்ணு பந்தை எடுத்துக்கிட்டு சாயங்காலம் வெளியே போய் உதைக்க இடம் எங்கே இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இருந்து பஸ் டிப்போ வரைக்கும் ஒரு ரவுண்டு வாங்க. பட்டினப்பாக்கம் பீச் வரைக்கும்கூட நடங்க. விளையாடற கூட்டம் இருக்கும். அதுல துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கிட்டு ஓடற பொண்ணுங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. விரல் மிச்சம் இருக்கும்!

சரி, அந்தப் பந்தை உங்க கையில இருந்து யாரு வாங்கினது? எந்த சட்டமும் இல்லை. எந்த ஸ்கூலும் சர்க்குலர் அனுப்பலை. ஆனா வாங்கிட்டாங்க.

கடல் தாண்டி ஒரு நாட்டுல இதை சட்டம் போட்டே செஞ்சாங்க. அந்தக் கதையை முதல்ல கேளுங்க. அப்புறம் கடலூருக்கு வரலாம்.

ரூல் புக்ல இருந்த ரூல்

ஆஸ்திரேலியாவுல 'ஃபுட்டி'ன்னா உயிர். நாம பார்க்கற கால்பந்து இல்லீங்க, இது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து. காலால உதைக்கலாம், கையில பிடிச்சுக்கிட்டு ஓடலாம், முஷ்டியால குத்தி பாஸ் பண்ணலாம். எதிராளி உங்களைக் கட்டிப் பிடிச்சு மண்ணைக் கவ்வ வைக்கலாம். ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 6 பாயின்ட், ஓரத்துல போனா 1. நம்ம கபடியையும் கால்பந்தையும் மிக்ஸியில போட்டு அரைச்ச மாதிரி ஒரு ஆட்டம்.

மெல்போர்ன் இருக்கற விக்டோரியா மாநிலத்துல சின்னப் பசங்களும் பொண்ணுங்களும் ஒரே டீம்ல ஆடுவாங்க. ஆனா 12 வயசைத் தாண்டின பொண்ணு, பசங்க டீம்ல ஆடக்கூடாதுன்னு ரூல். சரி, பொண்ணுங்களுக்குன்னு தனி டீம்? அந்த வயசுக்கு அப்படி ஒண்ணு கிடையாது. அதாவது, 'போய் வேற வேலையைப் பாரும்மா'ங்கறதுதான் ரூலோட அர்த்தம்.

2003-ல பென்னி குலா-ரீட், ஹெலன் டெய்லர், எமிலி ஸ்டெய்னர்னு மூணு ஸ்கூல் பொண்ணுங்க, 'இது பாகுபாடு'ன்னு தீர்ப்பாயத்துக்கே போயிட்டாங்க. 2004-ல தீர்ப்பு வந்துச்சு. 14 வயசு வரைக்கும் பொண்ணுங்களைத் தடுக்க முடியாது, அதுக்கு மேல தடுக்கலாம்! சின்னவ எமிலிக்கு வெற்றி. பெரியவங்களான பென்னிக்கும் ஹெலனுக்கும் தோல்வி.

தோத்தாங்களா? அங்கேதான் ட்விஸ்ட். இந்தக் கேஸ் கிளப்பின சத்தத்துல அதே 2004-ல டீன் ஏஜ் பொண்ணுங்களுக்குன்னு தனிப் போட்டி ஆரம்பிச்சாங்க. தேசிய அளவுல பெண்கள் லீக் 2017-ல வந்தப்ப, காலிங்வுட் அணியோட ஜெர்ஸி போட்டு இறங்கினவங்கள்ல ஒருத்தர் பென்னி குலா-ரீட். கேஸ் போட்ட பொண்ணு அந்த ஜெர்ஸிக்காகக் காத்திருந்தது 13 வருஷத்துக்கு மேல!

பதிமூணு வயசுல போனவ, முப்பத்தொண்ணுல வந்தா

அடிலெய்டைச் சேர்ந்த எரின் ஃபிலிப்ஸ் கதை இன்னும் ஒரு படி மேல. அப்பா கிரெக் ஃபிலிப்ஸ் பெரிய ஃபுட்டி ஸ்டார். பொண்ணு பசங்களோட சேர்ந்து பின்னி எடுத்தா. 13 வயசாச்சு. இதுக்கு மேல ஆட டீம் இல்லை. அழுதுட்டு உட்காரலை, பாஸ்கெட்பாலுக்கு மாறினா. அதுலயும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார், 2006-ல உலக சாம்பியன் டீம்ல இருந்தார், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல வெள்ளி, அமெரிக்கத் தொழில்முறை லீக்ல பட்டம்...

எல்லாம் வாங்கியாச்சு. ஆனா மனசுல அந்த முட்டைப் பந்து உருண்டுக்கிட்டே இருந்திருக்கு. 2017-ல பெண்கள் லீக் ஆரம்பிச்சப்ப எரினுக்கு வயசு 31. வீட்டுல ரெட்டைக் கைக்குழந்தைங்க. வந்தார். முதல் சீசன்லயே அடிலெய்டு சாம்பியன், லீக்கோட சிறந்த வீராங்கனை எரின் ஃபிலிப்ஸ்! 2019-ல மறுபடியும் அதே விருது. அந்த வருஷ ஃபைனலைப் பார்க்க அடிலெய்டு மைதானத்துக்கு வந்த கூட்டம் 53,034 பேர்.

இப்ப ஒரு நிமிஷம் நிதானமா யோசிங்க. 31 வயசுல வந்து இந்த ஆட்டம் ஆடின பொண்ணு, நடுவுல போன 18 வருஷமும் ஃபுட்டியே ஆடியிருந்தா? அந்தக் கணக்கை யாராலயும் போட முடியாது. எரினுக்கு இன்னொரு ஆட்டமாவது கிடைச்சது. எதுவுமே கிடைக்காம போன ஆயிரக்கணக்கான எரின்களோட பேர் நமக்குத் தெரியப் போறதே இல்லை.

ரூல் போனா எல்லாம் போச்சான்னா, அதுவும் இல்லை. 2019 மார்ச்ல டெய்லா ஹாரிஸ்ங்கற வீராங்கனை, கால் தலைக்கு மேல போற மாதிரி ஒரு உதை உதைச்சார். போட்டோகிராஃபர் மைக்கேல் வில்சன் அதை கிளிக் பண்ணினார். அட்டகாசமான படம். நெட்ல போட்டதும் வந்து குவிஞ்சது ஆபாச கமென்ட். படத்தைப் போட்ட சேனல், கமென்ட்டைத் தூக்காம படத்தைத் தூக்கிடுச்சு! எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் மன்னிப்புக் கேட்டு மறுபடி போட்டாங்க. அப்ப டெய்லாவுக்கு வயசு 21. உங்க வயசு. அந்தப் பொண்ணு ஒளிஞ்சுக்கலை, 'இது அசிங்கம்'னு வெளிப்படையா பேசினார். அதே வருஷம் செப்டம்பர்ல அந்த உதையையே வெண்கலச் சிலையா வடிச்சு, மெல்போர்ன் ஃபெடரேஷன் ஸ்கொயர்ல நிறுத்தி வெச்சாங்க.

நம்ம ஊர்ல ரூல் எங்கே இருக்கு?

ரூல் புக்ல இல்லை. எல்லாம் வாய்மொழிதான். இதுல எத்தனையை நீங்க கேட்டிருக்கீங்கன்னு டிக் அடிங்க:

'பெரிய பொண்ணாயிட்ட, இன்னும் என்ன தெருவுல குதியாட்டம்?'

'வெயில்ல நின்னு கருத்துப் போயிடாதடி.'

'அரை டிராயரைப் போட்டுக்கிட்டு அத்தனை பேர் முன்னால ஓடணுமா?'

'பத்தாவது வருது, விளையாட்டெல்லாம் அப்புறம்.'

'கால்ல அடிபட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?'

ஆஸ்திரேலியாவுல ரூலை எழுதி வெச்சிருந்தாங்க. அதனால மூணு பொண்ணுங்க அதைத் தூக்கிக்கிட்டு தீர்ப்பாயத்துக்குப் போக முடிஞ்சது. நம்ம ரூல் அம்மா வாயில, எதிர் வீட்டு ஆன்ட்டி பார்வையில, மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ்ல இருக்கு. இதை எதிர்த்து எந்த கோர்ட்டுக்குப் போறது? அதனாலதான் இது ரொம்ப ஸ்ட்ராங்கான ரூல். அம்மாவைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை. அவங்க பந்தையும் யாரோ ஒருத்தர் வாங்கி வெச்சுக்கிட்டவங்கதானே!

கடலூர்ல யாரும் வாங்கலை

ஆனா இதே தமிழ்நாட்டுல, சென்னையில இருந்து நாலு மணி நேர பஸ் தூரத்துல, பந்தைத் திருப்பி வாங்காத ஒரு ஊர் இருக்கு. கடலூர்.

பண்ருட்டிப் பக்கத்துப் பொண்ணு சந்தியா ரங்கநாதன், 1996-ல பிறந்தவர். வளர்ந்தது அரசு விடுதியில. ஆறாவது படிக்கும்போது, டோர்னமென்ட்டுக்குப் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பற சீனியர் அக்காக்களைப் பார்த்துதான் சந்தியாவுக்கு கால்பந்து ஆசை வந்துச்சு. 'நாமளும் இப்படிப் போகணும்!' அவ்வளவுதான் ஆரம்பம். கோச் மாரியப்பன், கடலூர்ல பொண்ணுங்களுக்கு வருஷக்கணக்கா கால்பந்து சொல்லிக் கொடுத்து ஆளாக்கினவர். அந்தப் பட்டறையில சந்தியாவும் சேர்ந்தார்.

கவனிச்சீங்களா? ஆறாவதுன்னா பதினொண்ணு, பன்னிரண்டு வயசு. பல வீடுகள்ல பந்து வாங்கப்படற வயசு. சந்தியாவுக்கு அது பந்து கொடுக்கப்பட்ட வயசு. அந்த விடுதியில ஏ.சி. இருந்திருக்காது, கேபிள் டி.வி. இருந்திருக்காது. ஆனா ஒரு மைதானம், ஒரு கோச், முன்னால ஓடற அக்காக்கள் மூணும் இருந்துச்சு. நம்ம ஃப்ளாட்டுல எல்லாம் இருக்கு, இந்த மூணைத் தவிர!

அதே கடலூர்ல 1994-ல பிறந்த இன்னொரு பொண்ணு இந்துமதி கதிரேசன். மிட்ஃபீல்டர். நடு மைதானத்துல நின்னு ஆட்டத்தைத் தையல் போடற வேலை. 2017 ஜனவரி 4, சிலிகுரி. தெற்காசிய கால்பந்து சாம்பியன்ஷிப் ஃபைனல். இந்தியா 3-1னு வங்கதேசத்தை ஜெயிச்சது. அதுல ஒரு கோல் இந்துமதி. 2019-ல நேபாளம் பிராட்நகர்ல அதே போட்டி, அரையிறுதியில மறுபடி வங்கதேசம், இந்தியா 4-0. ரெண்டு கோல் இந்துமதி. கோப்பை மறுபடியும் நமக்கு. அந்த டீம்ல சந்தியாவும் உண்டு. ஒரே மாவட்டத்துப் பொண்ணுங்க ரெண்டு பேர், இந்தியாவோட நீல ஜெர்ஸியில!

இன்னொரு சுவாரஸ்யம். ஆஸ்திரேலியப் பெண்கள் லீக்கோட முதல் ஆட்டம் 2017 பிப்ரவரி 3-ம் தேதி மெல்போர்ன்ல நடந்துச்சு. 24,000 பேருக்கு மேல கூட்டம், கேட்டையே மூடிட்டாங்க. அதே நேரத்துல டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்துல நம்ம நாட்டோட முதல் இந்தியப் பெண்கள் லீக் ஃபைனல் ரவுண்டு நடந்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நாட்டுக் கதவும் ஒரே சமயத்துல திறந்திருக்கு! அடுத்த சீசன்லயே கடலூர் இந்திரா காந்தி அகாடமி டீம், மதுரை சேது எஃப்.சி. ரெண்டும் ஃபைனல் ரவுண்டுக்குப் போயிடுச்சு. 2019-ல லூதியானாவுல மணிப்பூர் போலீஸ் டீமை 3-1னு சாய்ச்சு சேது எஃப்.சி. சாம்பியன்!

மாநில அணி மட்டும் என்ன லேசா? தேசிய சீனியர் போட்டின்னாலே மணிப்பூர் கோட்டை. 2018-ல அந்தக் கோட்டையை 2-1னு உடைச்சு தமிழ்நாடு முதல் முறையா சாம்பியன் ஆச்சு. 2023-ல அமிர்தசரஸ்ல ஹரியானாவை 2-1னு ஜெயிச்சு ரெண்டாவது தடவை. இதுல எத்தனை உங்களுக்கு முன்னாலேயே தெரியும்? ஐ.பி.எல்.ல யாரு எத்தனை சிக்ஸர்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்வோம். சரி விடுங்க, அது தனிப் பஞ்சாயத்து!

கோலும் போடுவேன், டூட்டியும் பார்ப்பேன்

'விளையாடினா சோறு போடுமா?' இந்தக் கேள்வி வரும்னு தெரியும். உண்மையைச் சொல்லிடலாம். பெண்கள் கால்பந்துல கோடி எல்லாம் இல்லை. ஆஸ்திரேலியாவுலயே முதல் சில சீசன்ல பல வீராங்கனைகளுக்கு ஃபுட்டி ஒரு பார்ட் டைம் வேலைதான். பகல்ல ஆஸ்பத்திரியில நர்ஸ், ஸ்கூல்ல டீச்சர், சாயங்காலம் பிராக்டிஸ்.

நம்ம இந்துமதி, தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா லாக்டவுன் ஞாபகம் இருக்கா? நாமெல்லாம் வீட்டுக்குள்ள டல்கோனா காபி அடிச்சுக்கிட்டு இருந்தப்ப, இந்தியாவுக்கு ஆடற ஒரு மிட்ஃபீல்டர் காக்கி யூனிஃபார்ம்ல, மாஸ்க் போட்டுக்கிட்டு சென்னை ரோட்டுல நின்னு, 'வெளியே வராதீங்க'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தார். டூட்டி முடிஞ்ச நேரத்துலதான் ஃபிட்னஸ். போலீஸ்லயும், ரயில்வேயிலயும், மாநில அரசு வேலைகள்லயும் விளையாட்டு வீரர்களுக்குன்னு ஒதுக்கீடு உண்டு. வீட்டுல கேட்டா இந்துமதி பேரைச் சொல்லுங்க. வேலையும் இருக்கு, மெடலும் இருக்கு.

எல்லாம் சுபமா முடிஞ்சதான்னா, இல்லை. 2022 ஜனவரியில ஆசியக் கோப்பை நம்ம நாட்டுலயே நடந்துச்சு. கால் இறுதிக்குப் போனா உலகக் கோப்பைக் கதவு தட்டலாம்னு கனவு. ஈரானோட முதல் ஆட்டம் 0-0. ரெண்டாவது ஆட்டத்துக்கு முன்னால டீமுக்குள்ள கொரோனா புகுந்துடுச்சு. களத்துல இறங்கத் தேவையான 13 பேர்கூட தேறலை. ஆட்டமே ஆடாம இந்தியா வெளியே. எத்தனை வருஷ உழைப்பு!

ஆனா விட்டுடலையே! 2025 ஜூலை 5, தாய்லாந்து சியாங் மாய். தாய்லாந்தை அவங்க மண்ணுலயே 2-1னு வீழ்த்தி, இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றாங்க. ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்று ஆடி ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குள்ள போனது இதுதான் முதல் தடவை. அந்தக் கோப்பை எந்த நாட்டுலன்னு தெரியுமா? ஆஸ்திரேலியா!

இப்ப உங்க டர்ன்

ஓகே, 19 வயசுல பந்தைத் தொட்டா நாளைக்கே இந்தியா டீமா? ஆசை காட்டி ஏமாத்த விரும்பலை. அந்த லெவலுக்குப் பன்னிரண்டு வயசுல ஆரம்பிக்கணும். ஆனா விளையாட்டுன்னா இந்தியா டீம் மட்டும்தானா? சாயங்காலம் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஓடி, விழுந்து, முட்டியில சிராய்ச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே எழுந்து வர்றதுக்கு எந்த செலக்‌ஷன் கமிட்டியும் வேண்டாமே.

பொண்ணுங்களுக்கு: நாளைக்கு காலேஜ் போனதும் ஃபிசிக்கல் டைரக்டர் ரூம் கதவைத் தட்டுங்க. 'கால்பந்து டீம் இருக்கா மேடம்?'னு கேளுங்க. இல்லைன்னா ஏழு பேரைச் சேர்த்துக்கிட்டு மறுபடி போய்க் கேளுங்க. ஒருத்தி கேட்டா ஆசை, ஏழு பேர் கேட்டா டீம். ஷார்ட்ஸ் பிரச்னையா? டிராக் பேன்ட் போட்டுக்கிட்டு ஓடுங்க. பந்துக்கு என்ன தெரியும்!

பசங்களுக்கு: மச்சி, கிரவுண்டு உங்க அப்பா சொத்து இல்லை, மாநகராட்சியோடது. வாரத்துல ரெண்டு நாள், ஒரு மணி நேரம், ஒரு பக்க கோல்போஸ்ட்டை விட்டுக் கொடுங்க. சும்மா ஓரமா நின்னு கமென்ட் அடிக்காதீங்க. மெல்போர்ன்ல கமென்ட் அடிச்சவங்க பேரு யாருக்கும் ஞாபகம் இல்லை, உதைச்ச பொண்ணுக்கு சிலை இருக்கு.

கடைசியா, எல்லாருக்கும். உங்க வீட்டுலயோ, மாடி வீட்டுலயோ பதினொண்ணு, பன்னிரண்டு வயசுல ஒரு வாண்டுப் பொண்ணு கண்டிப்பா இருப்பா. இன்னும் ரெண்டு வருஷத்துல அவ கையில இருக்கற பந்தை யாராவது வாங்க வருவாங்க. அந்த நேரத்துல, 'விளையாடட்டும் ஆன்ட்டி, நான் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்ல ஒரு அக்காவோ அண்ணனோ வேணும். கடலூர் விடுதியில சந்தியாவுக்கு அப்படி அக்காக்கள் முன்னால ஓடினாங்க. மந்தைவெளியில அந்த வாண்டுக்கு முன்னால ஓட ஆள் வேணும். ஷூ லேஸைக் கட்டுங்க!